ஆலை மதிலைத் தாண்டிய தூசி

வரலாறு என்றதும் மன்னர்கள் நடத்திய போர்களும் பேரரசுகளின் எழுச்சி வீழ்ச்சிகளுமே நம் நினைவில் முன்னிற்கின்றன. பள்ளி நூல்களிலும் அவையே பெரும்பகுதியை நிரப்புகின்றன. ஆயின் ஓர் ஆலைக்கும் வரலாறு உண்டு; அவ்வாலையிலிருந்து எழுந்த தூசிக்கும் வரலாறு உண்டு; அத்தூசி படிந்த தெருவில் விளையாடிய குழந்தைகளுக்கும் வரலாறு உண்டு. அக்குழந்தைகள் ஆலையில் ஒருநாளும் வேலை செய்தவர்கள் அல்லர்; அதன் வருமானத்தில் பங்கு பெற்றவர்களும் அல்லர். எனினும் நாற்பது ஐம்பது ஆண்டுகள் கழித்து அவ்வாலையின் நோய் அவர்களைத் தேடி வந்தது. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரின் ஒரு பகுதியான ஆர்ம்லியில் நிகழ்ந்த அவ்வரலாற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்நாரின் இயல்பு

‘ஆஸ்பெஸ்டாஸ்’ என்று நாம் கூரைத் தகட்டின் பெயராக அறிந்துள்ள பொருளுக்குத் தமிழில் கல்நார் என்பது பெயர். கல்லாகப் பூமியில் கிடந்து, உடைத்தால் நாராகப் பிரிவதால் அப்பெயர் மிகவும் பொருத்தமானதே. ஆஸ்பெஸ்டாஸ் என்னும் சொல்லோ கிரேக்க மொழியிலிருந்து வந்தது. ‘அணைக்க முடியாதது’ என்று பொருள்படுவது. தீயில் எரியாத துணி பற்றிய வியப்பு பழங்காலந்தொட்டே மக்களிடையே இருந்துள்ளது. தீயில் வாழும் ஒரு விலங்கிடமிருந்து அத்துணி கிடைக்கிறது என்று ஐரோப்பியர் நம்பியிருந்த காலத்தில், அது மலையிலிருந்து வெட்டியெடுக்கப்படும் கனிமத்தால் நெய்யப்படுவது என்று மார்க்கோ போலோ தம் பயண நூலில் விளக்கினார்.

நீராவி இயந்திரங்கள் பெருகிய 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வியப்புப் பொருள் பெரும் வாணிகப் பொருளாயிற்று. கொதிகலன்களுக்கும் குழாய்களுக்கும் வெப்பம் வெளியேறாத உறை தேவைப்பட்டது. தீயில் எரியாமலும், நூலாக நூற்கவும் துணியாக நெய்யவும் ஏற்றதாகவும் இருந்த கல்நார் அத்தேவையை நிறைவு செய்தது. வாணிகத்தில் வெண்மை, பழுப்பு, நீலம் என மூவகைக் கல்நார் சிறப்பிடம் பெற்றன. தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தோண்டப்பட்ட நீலக் கல்நாரின் இழைகள் மிக மெல்லியவை. ஊசி போல் நேரானவை. மூச்சோடு நுரையீரலின் ஆழத்திற்குச் செல்ல வல்லவை. மூவகையும் புற்றுநோயை உண்டாக்குவன என்று இன்று உறுதி செய்யப்பட்டுள்ளது. அவற்றுள் நீலக் கல்நாரே மிகக் கொடியது.

மதிலுக்குள் அறியப்பட்ட நோய்

கல்நாரின் தீமை அண்மையில்தான் தெரிய வந்தது என்று கருதுவோர் பலர். அக்கருத்து சரியன்று. 1898 ஆம் ஆண்டுக்குரிய பிரிட்டிஷ் தொழிற்சாலை ஆய்வாளர் அறிக்கையிலேயே லூசி டீன் என்னும் பெண் ஆய்வாளர் கல்நார்த் தூசியின் தீமையைச் சுட்டிக்காட்டினார். நுண்ணோக்கியில் பார்த்தபோது அத்துகள்கள் கண்ணாடிச் சில்லுகளைப்போலக் கூர்மையாய் இருந்தன என்பதும் அவ்வறிக்கையால் அறியக் கிடக்கிறது.

அதற்கு அடுத்த ஆண்டு இலண்டன் மருத்துவர் மாண்டேகு மர்ரேயிடம் ஒரு தொழிலாளி சிகிச்சைக்கு வந்தார். பதினான்கு ஆண்டுகள் கல்நார் ஆலையில் உழைத்தவர் அவர். தம்மோடு ஒரே அறையில் வேலை செய்த பத்துப் பேரில் தாம் ஒருவரே உயிரோடு எஞ்சியிருப்பதாக அவர் கூறினார். 1900இல் அவரும் இறந்தார். அவருடைய நுரையீரலில் கல்நார் இழைகளைக் கண்ட மர்ரே, 1906இல் அரசு அமைத்த குழுவின் முன் இதனைச் சாட்சியமாக எடுத்துரைத்தார்.

1924இல் ரோச்டேல் நகரில் நெல்லி கெர்ஷா என்னும் பெண் தொழிலாளி தமது 33 ஆம் வயதில் மறைந்தார். பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டு ஆலை வேலைக்குச் சென்றவர் அவர். அவரைப் பணியில் அமர்த்தியிருந்த டர்னர் நிறுவனம் இழப்பீடு தர மறுத்தது. அடையாளக் கல்லும் இல்லாத கல்லறையில் அவர் புதைக்கப்பட்டார். அவருடைய நுரையீரலை ஆராய்ந்த வில்லியம் குக் என்னும் மருத்துவர் அவ்வாண்டே மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார். நுரையீரல் தழும்பேறி இறுகி மூச்சு முட்டச் செய்யும் அந்நோய்க்கு ‘ஆஸ்பெஸ்டோசிஸ்’ என்னும் பெயர் 1927இல் நிலைபெற்றது.

இதன்பின் அரசு விழித்துக்கொண்டது. மெரிவெதர், பிரைஸ் என்னும் இருவர் நடத்திய ஆய்வின் அறிக்கை 1930இல் வெளிவந்தது. மெரிவெதர் சோதித்த 363 தொழிலாளர்களுள் 95 பேருக்கு, அஃதாவது நால்வரில் ஒருவருக்கு மேல், நுரையீரல் பாதிக்கப்பட்டிருந்தது. இதன் பயனாக 1931இல் கல்நார்த் தொழில் விதிகள் இயற்றப்பட்டு அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தன. தூசியை விசிறிகளால் இழுத்து வெளியேற்ற வேண்டும் என்பது அவ்விதிகளின் உயிர்நாடியாகும்.

ஈண்டு ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். விதிகள் ஆலைக்குள் உழைப்போரை மட்டுமே கருத்திற் கொண்டன. உள்ளிருந்து வெளியேற்றப்பட்ட தூசி எங்கே போகும், மதிலுக்கு அப்பால் வாழ்வோர் யார் என்ற கேள்விகள் அவற்றில் எழவில்லை.

ஆர்ம்லியின் குழந்தைகள்

ஜே. டபிள்யூ. ராபர்ட்ஸ் என்னும் நிறுவனத்தின் கல்நார் ஆலை 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஆர்ம்லியில் இயங்கி வந்தது. 1920இல் டர்னர் அண்டு நியூவால் என்னும் பெருங்குழுமம் உருவானபோது இந்நிறுவனமும் அதன் அங்கமாயிற்று. நீராவி இரயில் எஞ்சின்களின் கொதிகலன்களைப் போர்த்தும் மெத்தைகள் நீலக் கல்நாரால் இங்குச் செய்யப்பட்டன. ஆலையைச் சுற்றிலும் தொழிலாளர் வர்க்கத்தினர் வாழும் வரிசை வீடுகள் நெருக்கமாக அமைந்திருந்தன. அருகிலேயே பள்ளிக்கூடமும் இருந்தது.

ஆலையின் காற்றுப் போக்கிகள் உள்ளிருந்த தூசியைத் தெருவை நோக்கி வெளியேற்றின. நடைபாதையிலும் சன்னல் விளிம்பிலும் வீட்டுப் பரண்களிலும் அது படிந்தது. வாழ்ந்தவர்கள் பிற்காலத்தில் அளித்த சாட்சியங்களிலிருந்து அத்தெருக்களின் தோற்றத்தை நாம் அறிகிறோம். தூசி பனியைப்போல் விழுந்து கிடந்தது. குழந்தைகள் அதனைத் திரட்டிப் பனியுருண்டை எறிவதுபோல் ஒருவர்மேல் ஒருவர் எறிந்து மகிழ்ந்தனர். தூசியில் விரலால் கோடு கிழித்து விளையாடினர். ஆலையின் சரக்கேற்றும் மேடை அவர்களுக்குப் பிடித்தமான ஆடுகளமாக விளங்கியது. அங்கே அடுக்கப்பட்டிருந்த கல்நார்ச் சாக்குப் பொதிகளின்மேல் ஏறிக் குதித்தனர். விரட்டுவார் எப்போதேனும் விரட்டினர். ஆயின் அத்தூசி உயிருக்கு ஆபத்தானது என்று அவர்களுக்கு எடுத்துரைத்தவர் எவரும் இலர்.

ஆலை 1950களின் இறுதியில் மூடப்பட்டது. குழந்தைகள் வளர்ந்தனர், மணம் செய்துகொண்டனர், பலர் வேறு ஊர்களுக்குக் குடிபெயர்ந்தனர். தூசி மறக்கப்பட்டது.

வெளிப்பட்ட உண்மை

ஆலை மூடப்பட்ட காலத்தையொட்டியே, உலகின் மற்றொரு கோடியில் அத்தூசியின் முழு இயல்பும் வெளிப்படத் தொடங்கியது. தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி நகருக்கு மேற்கே நீலக் கல்நார் கிடைக்கும் குன்றுகள் உள்ளன. நுரையீரலைச் சுற்றியுள்ள மெல்லிய உறையில் தோன்றும் மீசோதெலியோமா என்னும் அரிய புற்றுநோய் அவ்வட்டாரத்தில் வழக்கத்திற்கு மாறாக மிகுந்திருப்பதை வாக்னரும் அவர்தம் தோழர்களும் கண்டனர். 1960இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் 33 நோயாளிகள் இடம் பெற்றனர். ஒருவரைத் தவிர அனைவருக்கும் நீலக் கல்நாரோடு ஏதோ ஒரு வகையில் தொடர்பு இருந்திருக்கக் கூடும் எனத் தெரிந்தது. அவர்களுள் சுரங்கத் தொழிலாளர் அல்லாதாரும் இருந்தனர். சுரங்கத்தின் அருகே குழந்தைப் பருவத்தைக் கழித்ததே அவர்களுக்கு இருந்த தொடர்பாகும்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1965இல், மோலி நியூஹவுஸ், ஹில்டா தாம்சன் என்னும் இரு பெண் ஆய்வாளர்கள் இலண்டன் மருத்துவமனை ஒன்றின் பதிவேடுகளை ஆராய்ந்தனர். மீசோதெலியோமாவால் பாதிக்கப்பட்ட 76 பேரின் வாழ்க்கையை அவர்கள் பின்னோக்கித் தேடினர். 31 பேர் கல்நார்த் தொழிலில் ஈடுபட்டவர்கள். 9 பேர் அத்தொழிலாளர்களின் வீட்டார். கணவனின் வேலையுடையைத் துவைத்த மனைவியரே அவர்களுள் மிகுதி. எஞ்சிய 36 பேருள் 11 பேர் கல்நார் ஆலையிலிருந்து அரை மைல் தொலைவுக்குள் வாழ்ந்தவர்கள். நோய் ஆலைக்குள் அடங்கியிருக்கவில்லை என்பது இவ்வெண்களால் ஐயமற விளங்கிற்று.

ஆர்ம்லியும் தனித்த நிகழ்ச்சி அன்று. மேற்கு ஆஸ்திரேலியாவின் விட்டனூமில் 1943 முதல் 1966 வரை நீலக் கல்நார் தோண்டப்பட்டது. சுரங்கக் கழிவை ஊரார் தெருக்களிலும் முற்றங்களிலும் விளையாட்டுத் திடல்களிலும் பரப்பினர். குழந்தைகள் அதில் புரண்டு விளையாடினர். அங்கு வளர்ந்த பலர் நடுத்தர வயதில் அதே நோய்க்கு இரையாயினர். 2007இல் ஊர் என்னும் தகுதியே விட்டனூமிடமிருந்து நீக்கப்பட்டது.

நீதிமன்றத்தில் ஒரு பெண்மணி

ஜூன் ஹான்காக் 1936இல் பிறந்தவர். ஆர்ம்லியின் தெருக்களில் விளையாடி வளர்ந்தவர். அவருடைய தாயார் 1982இல் மீசோதெலியோமாவால் இறந்தார். அந்நோயின் கொடுமையை அருகிலிருந்து கண்ட மகளுக்கும் 1990களில் அதே நோய் ஏற்பட்டது. நோய் இன்னதென்று அறிந்ததுமே, வரப்போவது யாது என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. இழந்த உயிர்களுக்கு யாரேனும் பொறுப்பேற்க வேண்டும் என்று அவர் துணிந்தார். ஆர்ம்லியில் வளர்ந்து 1991இல் அந்நோயால் இறந்த ஆர்தர் மார்கர்சன் என்பவரின் மனைவியும் வழக்கில் இணைந்தார். எதிர்த் தரப்பிலோ உலகின் மிகப் பெரிய கல்நார் நிறுவனங்களுள் ஒன்று நின்றது.

நிறுவனத்தின் வாதம் எளிதில் தள்ளிவிடக் கூடியது அன்று. மீசோதெலியோமா என்னும் நோய்க்கும் கல்நாருக்கும் உள்ள உறவு 1960இல்தான் வெளிப்பட்டது; 1930களிலும் 1940களிலும் ஆலை நடத்தியோர் அதனை எவ்வாறு முன்னுணர்ந்திருக்க இயலும் என்பதே அவ்வாதம். இவ்வாதம் வேறு சில வழக்குகளில் வென்றும் இருக்கிறது. கப்பல் தளத் தொழிலாளியின் உடையைத் துவைத்து நோயுற்ற மனைவியின் வழக்கு 1980களின் இறுதியில் இக்காரணத்தாலேயே தோற்றது. 1965க்கு முன் அவ்வாபத்தை ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை என்று நீதிமன்றம் கருதியது. 2005இலும் அத்தகைய ஒரு மனைவியின் வழக்கை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஆர்ம்லி வழக்கை விசாரித்த நீதிபதி ஹாலண்டு 1995 அக்டோபரில் தீர்ப்பு வழங்கினார். அவர் கேட்ட கேள்வி வேறு. மீசோதெலியோமாவை முன்னுணர முடிந்ததா என்பதன்று கேள்வி. கல்நார்த் தூசி நுரையீரலுக்குத் தீங்கு செய்யும் என்பதை முன்னுணர முடிந்ததா என்பதே கேள்வி. அது 1930களின் தொடக்கத்திலேயே ஆலை உரிமையாளர் அனைவரும் அறிந்த உண்மை. சரக்கேற்றும் மேடையில் விளையாடிய குழந்தைகளைச் சூழ்ந்திருந்த தூசி, ஆலைக்குள் தொழிலாளரைச் சூழ்ந்திருந்த தூசிக்கு ஒப்பானது. அவ்வாறாயின் உள்ளே இருப்பவரைக் காக்கும் கடமை வெளியே விளையாடும் குழந்தையையும் காக்கும் கடமையே. 1933 முதலே அக்கடமை நிறுவனத்திற்கு இருந்தது என்பது தீர்ப்பின் சாரமாகும்.

ஜூன் ஹான்காக்குக்கு 65,000 பவுனும் மார்கர்சனின் மனைவிக்கு 50,000 பவுனும் இழப்பீடாக விதிக்கப்பட்டன. நிறுவனம் எதிர்வாதம் நடத்திய முறையையும் நீதிபதி கடுமையாகக் கண்டித்தார். 1996 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பை உறுதி செய்தது. ஆலையில் உழைக்காமல், அதன் அக்கம்பக்கத்தில் வாழ்ந்தமையால் மட்டுமே நோயுற்றவர்கள் பிரிட்டனில் பெற்ற முதல் வெற்றியாக அது போற்றப்படுகிறது. மறு ஆண்டில் ஜூன் ஹான்காக் மறைந்தார். அவர் பெயரால் 1997இல் தோன்றிய மீசோதெலியோமா ஆராய்ச்சி நிதி, அந்நோய் பற்றிய ஆய்வுகளுக்குத் துணைபுரிந்து வருகிறது.

உடையைத் துவைத்த மனைவி தோற்றாள். தெருவில் விளையாடிய குழந்தை வென்றது. இருவர் நோயும் ஒன்றே. இருவர் நுரையீரலிலும் தங்கிய இழையும் ஒன்றே. ஆலைத் தூசியின் அளவுக்கு ஒப்பான தூசியில் இருந்ததாக ஒருவரால் மெய்ப்பிக்க முடிந்தது, மற்றவரால் முடியவில்லை. நீதி கிடைத்த இடத்திலும் அது எத்துணைக் குறுகிய வாயில் வழியே வந்தது என்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது.

குழந்தைக்கு ஏன் மிகுதியான ஆபத்து?

உள்ளே சென்ற இழையை உடலின் காவல் அணுக்கள் விழுங்கி அழிக்க முயல்கின்றன. இழை அவற்றைவிட நீண்டிருப்பின் அம்முயற்சி தோல்வியுறுகிறது. அழியாத இழை நுரையீரலிலும் அதன் உறையிலும் தங்கி ஆண்டுக்கணக்கில் அழற்சியை உண்டாக்குகிறது. இறுதியில் அணுக்களின் இயல்பு மாறிப் புற்று தோன்றுகிறது. முதன்முதலாகத் தூசியைச் சுவாசித்த நாளுக்கும் நோய் தோன்றும் நாளுக்கும் இடையே பொதுவாக இருபது முதல் ஐம்பது ஆண்டுகள்வரை செல்லும். நோயை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்றளவும் இல்லை.

காலம் செல்லச் செல்ல ஆபத்து வளர்கிறது என்பதே குழந்தையின் நிலையைக் கொடியதாக்குகிறது. முதியவர் அந்நோய் முதிர்வதற்குமுன் வேறு காரணத்தால் இறந்துவிடலாம். குழந்தைக்கோ வாழ்வேண்டிய ஆண்டுகள் மிகப் பல. பிரிட்டிஷ் அரசுக்குப் புற்றுநோய் பற்றி அறிவுரை வழங்கும் வல்லுநர் குழு 2013இல் இதனைக் கணக்கிட்டது. ஒரே அளவு கல்நாரை ஐந்து வயதில் முதன்முதல் சுவாசித்தவருக்கு மீசோதெலியோமா வரக்கூடிய வாய்ப்பு, முப்பது வயதில் சுவாசித்தவரைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று அக்குழு கண்டது. குழந்தையின் உடல் இயல்பாகவே கூடுதலாகப் பாதிக்கப்படுமா என்பது முடிவாகாவிடினும், ஆயுளின் நீளம் ஒன்றே இவ்வேறுபாட்டிற்குப் போதுமானது.

இவ்வரலாறு கற்பிப்பது

பிரிட்டன் 1985இல் நீலக் கல்நாரையும் பழுப்புக் கல்நாரையும் தடை செய்தது. வெண் கல்நாரை 1999இல் தடை செய்தது. லூசி டீனின் எச்சரிக்கைக்கும் முழுத் தடைக்கும் இடையே நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. பிரிட்டனில் மட்டுமன்றி, பல நாடுகளில் தடைக்கு முன் எழுந்த கட்டடங்களின் கூரையிலும் சுவரிலும் குழாய் உறையிலும் கல்நார் இன்னும் உள்ளது. முழுமையாக இருக்கும் தகடு தானே பெருந்தீங்கு செய்வதில்லை. அதனை உடைக்கும்போதும் அறுக்கும்போதும் துளையிடும்போதும்தான் இழைகள் காற்றில் கலக்கின்றன. ஆதலின் பழைய பள்ளிக் கட்டடத்தையோ வீட்டையோ இடிக்கும் இடத்திற்குக் குழந்தைகளை அனுப்பலாகாது. உடைந்த கூரைத் தகட்டை அவர்கள் விளையாட்டுப் பொருளாக்கிக் கொள்ளவும் விடலாகாது. அதனை அகற்றும் பணியைப் பயிற்சி பெற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். ஆசிரியர்கள் மாணவர்க்குச் சொல்ல வேண்டிய செய்தி இது.

அதனினும் பெரிய செய்தி ஒன்றுண்டு. ஆர்ம்லியில் அறிவு இல்லாமல் குழந்தைகள் அழியவில்லை. அறிவு இருந்தது, அறிக்கை இருந்தது, சட்டமும் இருந்தது. அவை யாவும் ஆலையின் மதிலோடு நின்றுவிட்டன. தூசி மட்டும் நிற்கவில்லை. ஒரு தொழில் தன் பணியாளரைத் துன்புறுத்துகிறது என்று அறிந்த நாளிலேயே, அதே காற்றைச் சுவாசிக்கும் மற்றவர் யார் என்று கேட்பது அறிவுடையோர் கடமை. அக்கேள்வியை நீதிமன்றம் கேட்டபோது, ஆர்ம்லியில் விளையாடிய குழந்தைகளுள் பலர் அதன் விடையைக் கேட்க உயிரோடு இல்லை. இனிவரும் எந்தத் தொழிலைப் பற்றியும் அக்கேள்வியை உரிய காலத்தில் எழுப்பக் கற்றுக்கொள்வோமாயின், அவர்தம் வரலாற்றைப் படித்ததன் பயனை நாம் பெற்றவர்களாவோம்.